கல்லிடுக்கில் வாழும் சிறுத்தைப் பல்லி

கேள்வி இதுதான்: லெப்பர்ட் கெக்கோ என்ற பெயரில் பலரும் அறிந்த புள்ளிப் பல்லி இயற்கையில் எங்கே, எப்படி வாழ்கிறது? அது பாலைவனப் பிராணிதானா, மணலில் விட்டு வளர்ப்பது சரியா? அறுந்த வால் பழையபடி வருமா? முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்து ஆணா பெண்ணா என்பது முடிவாகும் என்கிறார்களே, உண்மையா? விஷம் உண்டா?

விஷத்தை முதலில் முடித்துவிடலாம். இல்லை. உலகில் எந்தப் பல்லிக்கும் விஷம் கிடையாது. இந்தப் பல்லியைக் கையில் இறுக்கினால் கடிக்கும், பெரியது கடித்தால் தோலில் கீறல் விழும், அவ்வளவுதான். மற்றவை கொஞ்சம் நீளமான பதில் கேட்பவை.

தமிழில் பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று தனித்தனிப் பெயர்கள் இருப்பது இங்கே பெரிய வசதி. சிறுத்தைப் பல்லி ஓணானும் அல்ல, அரணையும் அல்ல, பல்லியேதான். ஆனால் பல்லி என்றதும் நம் மனதில் வரும் இரண்டு அடையாளங்கள் இதனிடம் இல்லை. வீட்டுப் பல்லி சுவரில் ஏறும், இது ஏறாது. வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. அதன் கண்ணை நிலையான ஒரு கண்ணாடிச் செதில் மூடியிருக்கும், தூசி படிந்தால் நாக்கால் நக்கித்தான் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கோ மேலும் கீழும் தடித்த இமைகள் உண்டு. கண்ணை மூடித் திறக்கும், பகலில் இமை மூடித் தூங்கும். 1827-ல் ஜான் எட்வர்ட் கிரே இந்தப் பேரினத்துக்கு யூப்லெஃபாரிஸ் என்று பெயர் வைத்தபோது நினைத்ததும் இதைத்தான். கிரேக்கத்தில் அதற்கு ‘நல்ல இமை’ என்று பொருள்.

ஏறாததற்குக் காரணம் விரல்கள். வீட்டுப் பல்லியின் விரலடியில் குறுக்கு மடிப்புகளும், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்களும் இருக்கின்றன. அந்த மயிர்கள் பரப்போடு மூலக்கூறு அளவில் ஒட்டுவதால்தான் அது கண்ணாடியில்கூட நடக்கிறது. சிறுத்தைப் பல்லியின் விரல் வெறும் விரல்: மெல்லிசாக, உருண்டு, நுனியில் நகத்தோடு இருக்கும். சொரசொரப்பான கல்லில் நகத்தைப் பதித்து ஏறும், கண்ணாடித் தொட்டியின் சுவரில் முன்கால்களை வைத்துப் பிறாண்டுவதோடு சரி. இதைக் குறை என்று நினைக்க வேண்டாம். உடலைத் தரையிலிருந்து தூக்கி, நான்கு கால்களையும் எடுத்து வைத்து, மண்ணிலும் சரளையிலும் நடப்பதற்கு ஏற்ற கால் அது. மண் தோண்டவும் அதுவே உதவுகிறது.

அடையாளம் காண்பதில் அடிக்கடி ஒரு குழப்பம் வருகிறது. தென்னிந்தியாவில் கரையான் புற்றுகளிலும் கற்களுக்கடியிலும் இருக்கும் ஹெமிடாக்டைலஸ் டிரையெட்ரஸ் என்ற தடித்த பல்லியையும், அதே பகுதிகளில் தரையில் திரியும் கொள்ளேகால் தரைப் பல்லியையும் பார்த்துவிட்டுச் சிறுத்தைப் பல்லி கண்டதாகச் சொல்கிறார்கள். இரண்டுமே புள்ளியும் பட்டையும் கொண்டவை, இரவில் தரையில் நடப்பவை. விரலை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். முதலாவதற்கு ஒட்டும் மடிப்பு உண்டு, இரண்டாவதற்கு அது இல்லை. கண்ணைப் பாருங்கள். இமை இருந்தால்தான் சிறுத்தைப் பல்லியின் கூட்டம், இல்லையென்றால் வேறு குடும்பம்.

சந்தையில் பெரும்பாலும் காணப்படும் இனம் யூப்லெஃபாரிஸ் மாக்குலேரியஸ். 1854-ல் எட்வர்ட் பிளைத் இதை விவரித்தார். மாதிரி கிடைத்த இடம் பஞ்சாபின் உப்பு மலைத்தொடர், இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று பரவியிருக்கிறது. இதன் உறவினங்கள் இன்னும் அகலமாகச் சிதறிக் கிடக்கின்றன: ஈரான், ஈராக், துருக்கிப் பக்கம் அங்கிரமைன்யு, துர்க்மெனிஸ்தானில் ஒன்று, மேற்கு இந்தியாவில் ஃபுஸ்கஸ், கிழக்கு இந்தியாவில் ஹார்ட்விக்கி, சாத்புரா மலைகளில் 2014-ல் விவரிக்கப்பட்ட சாத்புரென்சிஸ். 2022-ல்தான் ஆந்திரா, ஒடிசாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலிருந்து பிக்டஸ் என்ற இனம் தனியாகப் பிரிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய, கண்ணில் படும் நிறமுள்ள ஒரு பல்லி அதுவரை வேறொன்றின் பெயரில் இருந்தது என்றால், இந்தக் கூட்டத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகக் களத்தில் பார்த்திருக்கிறோம் என்பது புரியும். ஆய்வகங்களில் இதைப் பற்றி நடந்த வேலை ஏராளம், காட்டில் நடந்தது சொற்பம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாலைவனப் பிராணி என்பது பாதிதான் சரி. அது வாழும் நிலப்பரப்பு வறண்டது, மழை குறைந்தது. ஆனால் அலையலையான மணல் அதன் இடமல்ல. கல் நிறைந்த குன்றுச் சரிவு, இறுகிய களிமண்ணும் சரளையும் கலந்த தரை, புதர் சிதறிய வறண்ட புல்வெளி, கல் அடுக்கிய பழைய சுவர் ஆகியவைதான் அதன் இடம். பகல் முழுவதும் ஏதாவது கல்லுக்கடியிலோ, பாறை வெடிப்பிலோ, எலி தோண்டி விட்டுப்போன வளையிலோ கிடக்கும். வெளியே வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், அந்த இடுக்கு ஒரு தனி உலகம். ஒரு முழம் உள்ளே போனாலே சூடு சட்டென்று இறங்கிவிடும். மண்ணின் ஈரம் ஆவியாகி அங்கேயே தங்குவதால் காற்றும் வெளியைவிட நன்றாக ஈரமாக இருக்கும். வறண்ட ஊரில் வாழ்ந்தாலும் அது மூச்சு விடுவது ஈரக் காற்றைத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதன் தோல், முட்டை, நோய் என்று பின்னால் வரும் எல்லாமே விளங்கும்.

சூரியன் இறங்கியதும் வெளியே வரும். வெயில் காயும் பழக்கம் ஓணானைப்போல் கிடையாது. பகலில் சூடேறிய கல் இரவிலும் சில மணி நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தக் கல்மேல் வயிற்றைப் படுக்கவைத்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பகலில் இடுக்கில் இருக்கும்போதும் இதே வேலைதான்: கூரைக் கல் சூடேற ஏற அதற்கு அருகில் வருவது, அதிகமானால் உள்ளே நகர்வது. குளிர்காலம் அதன் ஊரில் கடுமையானது. மாதக்கணக்கில் இடுக்கை விட்டு வராமல், உண்ணாமல் கிடக்கும். வசந்தம் பிறந்ததும் இணைசேரும் காலம் தொடங்கி, கோடை முடியும் வரை நீளும்.

இரவில் எப்படிப் பார்க்கிறது என்பது பல்லிகளின் கதையிலேயே அழகான பகுதி. நம் கண்ணில் மங்கல் ஒளிக்குக் குச்சி செல்கள், நிறத்துக்குக் கூம்பு செல்கள். பல்லிகளின் முன்னோர்கள் பகலில் திரிந்தவை, குச்சி செல்களை இழந்துவிட்டவை. பிறகு இரவுக்குத் திரும்பியபோது, இழந்ததை மீட்கவில்லை. இருந்த கூம்பு செல்களையே பெரிதாக்கி, மங்கலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன. விளைவு, நமக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும் நிலவொளியில் அவற்றுக்கு நிறம் தெரிகிறது. ஆப்பிரிக்கத் தரைப் பல்லியொன்றை வைத்து 2004-ல் செய்த சோதனையில், மங்கிய நிலவொளிக்குச் சமமான வெளிச்சத்தில் அது நீலத்தையும் சாம்பலையும் பிரித்தறிந்தது. நிறம் காணும் திறனில் அந்தக் கண் நம் கண்ணைவிடச் சுமார் 350 மடங்கு கூர்மை என்று கணக்கிட்டார்கள். அதனால் இரவில் சிவப்பு பல்பு, நீல பல்பு போட்டால் பல்லிக்குத் தெரியாது என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அதற்கு இரவு இருட்டாகத்தான் இருக்க வேண்டும். வெப்பம் வேண்டுமென்றால் ஒளி விடாத பீங்கான் ஹீட்டரே போதும்.

வேட்டையை அருகிலிருந்து பாருங்கள். சுவர்க்கோழி ஒன்று அசைந்ததும் தலை அந்தப் பக்கம் திரும்பும். உடல் தரையிலிருந்து சற்று உயரும். ஒவ்வொரு காலையும் தயங்கித் தயங்கி வைக்கும். நாலு விரல் தூரம் வந்ததும் நின்றுவிடும், வால் மட்டும் பூனை வாலைப்போல மெல்ல நெளியத் தொடங்கும். பிறகு ஒரே பாய்ச்சல். பிடித்ததை இரண்டு மூன்று முறை மென்று விழுங்கிவிட்டு, அகன்ற நாக்கால் உதட்டைச் சுற்றித் துடைத்துக்கொள்ளும். வண்டு, வெட்டுக்கிளி, சிலந்தி, தேள், பூரான், சிறு பல்லிகள் என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும். செடி தின்னாது. காது வெறும் துளைபோலத் தெரியும். மெல்லிய வெளிச்சத்துக்கு எதிரே தலை இருக்கும்போது ஒரு பக்கத் துளை வழியே மறுபக்க ஒளி ஊடுருவித் தெரிவதைக் காணலாம், அவ்வளவு மெல்லிய சவ்வு.

இனி வால். வளர்ந்த பல்லி மூக்கிலிருந்து வால் நுனி வரை 20 முதல் 25 செ.மீ. இருக்கும். அதில் வால்தான் களஞ்சியம். நன்றாக உண்டவற்றின் வால் கழுத்தைவிடப் பருத்து, வளையம் வளையமாகக் கொழுப்பு நிறைந்திருக்கும். குளிர்காலப் பட்டினியைத் தாங்குவது அதைக் கொண்டுதான். அப்படிப்பட்ட சேமிப்பையே எதிரியிடம் விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் உயிர்தான் அங்கே பந்தயம். வால் முள்ளெலும்புகளுக்குள்ளேயே முறிவுக் கோடுகள் இருக்கின்றன. பல்லி தசையைச் சுருக்கியதும் அந்தக் கோட்டில் பிரிந்துவிடும், இரத்தம் அதிகம் போகாது. பிரிந்த வால் வெறுமனே துடிப்பதில்லை. சிறுத்தைப் பல்லியின் வாலை வைத்து 2009-ல் வெளியான ஆய்வில், அது சீராக இருபுறமும் அசைவதோடு, நடுநடுவே திடீரென்று 3 செ.மீ. உயரம் வரை துள்ளிப் புரள்வதும் பதிவானது. மூளையோடு தொடர்பு அறுந்தபின், தண்டுவடத்தின் அந்தச் சிறு துண்டே இத்தனையையும் செய்கிறது. பூனையோ நரியோ வாலைப் பார்த்துக்கொண்டிருக்கும், பல்லி இடுக்குக்குள் போயிருக்கும்.

புதிய வால் ஒன்றிரண்டு மாதங்களில் வளர்ந்துவிடும். பழையபடி வருமா என்றால் வராது. உள்ளே முள்ளெலும்புக்குப் பதில் ஒரே நீளமான குருத்தெலும்புக் குழாய், வெளியே பருக்கள் இல்லாத சிறு செதில், வளையங்கள் மறைந்து, முள்ளங்கிபோல உருண்டு குட்டையாக இருக்கும். புதிய பகுதிக்குள் முறிவுக் கோடு கிடையாது. மறுபடி முறிய வேண்டுமென்றால், அதற்கு மேலே பழைய வால் மிச்சம் இருந்தால்தான் உண்டு. வால் போனதும் செய்யவேண்டியது எளிது. வேறு பல்லி இருந்தால் பிரித்துவிடுங்கள். மண்ணை எடுத்துவிட்டு வெறும் காகிதத் துவாலை விரியுங்கள், காயத்தில் தூசி ஒட்டாது. இரையைச் சற்றுக் கூட்டுங்கள். களிம்பு எதுவும் பூச வேண்டாம், காயம் தானாக மூடிக்கொள்ளும். வீங்கினாலோ, கெட்ட வாடை வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

தோலுரிப்பதைப் பார்த்தால் இடுக்கின் ஈரம் எதற்கு என்பது புரியும். முந்தின நாள் உடல் முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் மங்கும். மூக்கு நுனியில் தோல் கிழியும். அதைக் கல்லில் தேய்த்து, வாயால் கவ்வி இழுத்து, கையுறையைக் கழற்றுவதுபோல ஒவ்வொரு விரலிலிருந்தும் உருவி எடுத்து, உரித்ததைத் தின்றும் விடும். காலையில் பார்க்கிறவருக்கு எதுவும் நடந்த தடயம் இருக்காது. காற்று வறண்டிருந்தால் கடைசியாகக் கழலவேண்டிய விரல் நுனித் தோல் ஒட்டிக்கொள்ளும். அது காய்ந்து சுருங்கி நூல் கட்டியதுபோல இறுக்கும், இரத்தம் போகாமல் விரல் கறுத்து விழுந்துவிடும். இரண்டு மூன்று உரிப்புகள் இப்படிப் போனால் விரலில்லாத பல்லியாகிவிடும். தடுப்பு மிகச் சுலபம்: ஒரு மூடிய மறைவிடத்துக்குள் ஈரப்பாசி அல்லது ஈரத் துவாலையை எப்போதும் வைத்திருங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால், 28 முதல் 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரைக் கால் மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, 15 நிமிடம் நிற்கவிட்டு, ஈரமான பஞ்சுக்குச்சியை விரல் அடியிலிருந்து நுனி நோக்கி உருட்டுங்கள். வராவிட்டால் மறுநாள் பாருங்கள். இழுத்தால் நகத்தோடு வரும்.

அந்தத் தோலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பதை ஆண் பல்லி தோலில் உள்ள வேதிப்பொருளை நக்கித்தான் அறிகிறது. பெண் என்றால் வால் நுனியைத் தரையில் படபடவென்று அதிரவிட்டு நெருங்கும். ஆண் என்றால் முதுகை உயர்த்திச் சண்டைக்கு நிற்கும். 1990-ல் வெளியான ஒரு ஆய்வில், தோலுரித்துக்கொண்டிருக்கும் பெண்ணை, அதற்கு முன்பு அதனோடு இணங்கிய ஆணே இன்னொரு ஆணைப்போல நினைத்துத் தாக்கியது. மணம் மாறியதும் அதற்கு ஆளே மாறிவிடுகிறது. இரண்டு ஆண்களை ஒரே இடத்தில் விடவே கூடாது என்பதும், ஆணையும் பெண்ணையும்கூட நிரந்தரமாகச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். வளர்ந்த ஆணைக் கண்டுபிடிக்க வயிற்றுப் பக்கம் பாருங்கள்: பின்கால்களுக்கு நடுவே தலைகீழ் ‘வி’ வடிவில் மெழுகு அடைத்த துளைகளின் வரிசை, அதற்குக் கீழே வாலடியில் இரண்டு புடைப்புகள். பெண்ணுக்குத் துளைகள் வெறும் தழும்புபோல மங்கலாக இருக்கும், புடைப்பு இருக்காது.

பெண் ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். வயிற்றுத் தோல் மெல்லியதாக இருப்பதால், இடுவதற்குச் சில நாள் முன்பே இரண்டு வெளிறிய நீள்வட்டங்கள் இருபுறமும் தெரியும். ஒரு பருவத்தில் இப்படிப் பல முறை இடும், ஒருமுறை சேர்ந்தாலே விந்தைச் சேமித்து அடுத்தடுத்த முட்டைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். வீட்டுப் பல்லியின் முட்டை உருண்டையாக, சுண்ணாம்பு ஓட்டோடு இருக்கும், காற்றுப்படும் இடுக்கில்கூட வாடாது. சிறுத்தைப் பல்லியின் முட்டைக்குத் தோல்போன்ற மெல்லுறைதான். சுற்றியுள்ள மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி வளர்வது அது, வறண்ட இடத்தில் ஒரே நாளில் குழிந்துபோகும். தாய் ஈரமண்ணைத் தேடித் தோண்டிப் புதைப்பதும் அதற்காகத்தான்.

சூட்டைப் பொறுத்து ஆண், பெண் ஆவது உண்மையே. இந்தப் பல்லிக்கு ஆண், பெண் எனப் பிரிக்கும் நிறமிழைகள் (குரோமோசோம்கள்) கிடையாது. ஊர்வனவற்றில் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை மேதலீன் சார்னியே என்பவர் 1966-ல் ஆப்பிரிக்க ஓணானில் முதலில் கண்டார். சிறுத்தைப் பல்லியில் இது ஒரு விசித்திரமான வளைகோடாக அமைகிறது. 26 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாமே பெண். 30-ல் கால்வாசி ஆண். 32.5 டிகிரியில் முக்கால்வாசி ஆண். அதற்கு மேலே போனால் ஆண் கூடும் என்றுதானே நினைப்போம்? 34 டிகிரியில் மீண்டும் ஏறக்குறைய எல்லாமே பெண். கரு வளர்ச்சியின் முதல் சில வாரங்களில் இருக்கும் வெப்பம்தான் இதை முடிவு செய்கிறது. அதற்குப் பிறகு சூட்டை மாற்றினாலும் பாலினம் மாறாது.

கதை அதோடு முடியவில்லை. 1988-ல் குட்ஸ்கே, குரூஸ் இருவரும் நேச்சர் இதழில் காட்டியது இன்னும் ஆழமானது: ஆண் அதிகம் பிறக்கும் சூட்டில் பிறந்த பெண்கள், பெண்ணாகவே இருந்தாலும் ஆணைப்போல முரட்டுத்தனமாக நடந்துகொண்டன, முட்டையிடவும் தவறின. குளிர்ந்த சூட்டில் பிறந்த பெண்கள் சாதுவாக, நன்றாக முட்டையிட்டன. அதாவது முட்டைக்குள் கழிந்த சில வாரச் சூடு, வளர்ந்தபின் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது வரை போகிறது. பெண் வேண்டுமென்று 34 டிகிரிக்கு ஏற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சூடு கருவின் உயிருக்கும் விளிம்பு. பெண் வேண்டுமென்றால் 26 முதல் 28 டிகிரி வைத்துப் பொறுமையாக இருப்பதுதான் சரி. 26-ல் பொரிக்கச் சுமார் இரண்டு மாதம் ஆகும், 32-ஐத் தாண்டினால் ஐந்தாறு வாரம்.

அடைவைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டை இட்டதும் ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும், சில மணி நேரத்தில் விறைத்துக்கொள்ளும். எடுக்கும்போது மேல்பக்கம் எதுவோ அதில் பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து, அதே பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். முதல் நாளுக்குள் கரு மேல் உறையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு புரட்டினால் மஞ்சள்கரு அதன்மேல் இறங்கி நசுக்கிவிடும். வெர்மிகுலைட் என்ற, ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகளும் தண்ணீரும் எடையில் சரிக்குச் சரி கலந்து (கன அளவில் அல்ல, எடையில்), கையில் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் சொட்டாத பதத்தில் மூடியுள்ள டப்பாவில் பரப்பி, முட்டையைப் பாதி புதையும்படி வையுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும். சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனை முட்டை இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். டப்பாவுக்கு வெளியே 31 காட்டும்போது உள்ளே வேறு சூடு இருப்பதுதான் பெரும்பாலான தோல்விக்குக் காரணம். ஒரு வாரம் கழித்து இருட்டில் சிறு விளக்கை அடியில் பிடித்தால், உயிருள்ள முட்டையில் இளஞ்சிவப்பு வளையமும் நூல்போன்ற இரத்தநாளங்களும் தெரியும். மஞ்சளாகவே இருந்து, மென்மையாகி, பூஞ்சணம் பூத்தால் அது கருவுறாதது. நல்ல முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். ஓரத்தில், முட்டைமேல் படாமல், சில துளி வெதுவெதுப்பான நீர் விடுங்கள். பொரிக்கும் நாளுக்குச் சற்று முன்னும் குழியும், மேலே வியர்த்ததுபோல் ஈரமும் தெரியும். அப்போது எதுவும் செய்யாதீர்கள்.

குஞ்சு மேல்தாடையிலுள்ள ஒரு ஜோடி முட்டைப்பல்லால் உறையைக் கீறி வெளிவரும். 3 கிராம் எடை, 8 செ.மீ. அளவு நீளம். உடலில் புள்ளியே இருக்காது. மஞ்சளும் கருமையும் மாறிமாறி வந்த பட்டைகள், ஓராண்டுக்குள் அவை உடைந்து புள்ளிகளாகும். தொட்டால் கால்களில் எழுந்து வாயைத் திறந்து கீச்சென்று கத்தும், அத்தனை சிறிய உடலுக்குப் பெரிய சத்தம். ஒரு நாளுக்குள் முதல் தோலை உரிக்கும். மூன்று நான்கு நாள் வரை வயிற்றிலுள்ள மஞ்சள்கரு மிச்சத்திலேயே இருக்கும், இரை தீண்டாது. அதைக் கண்டு பயந்து வாயில் திணிக்க வேண்டாம்.

வளர்ப்பில் எங்கே பிசகுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இடுக்கை மறந்து பாலைவனத்தை நினைத்த இடத்தில்தான். தளர்ந்த மணல், அதிலும் கால்சியம் மணல் என்று விற்பது, இரையோடு வாய்க்குள் போய்க் குடலில் அடைத்துக்கொள்ளும். கால்சியம் குறைந்த பல்லி வேண்டுமென்றே மணலைத் தின்னவும் செய்யும். இறுகிய களிமண்ணும் மேல்மண்ணும் கலந்து மிதித்துக் காயவைத்த தரை, தட்டைக் கற்கள், அல்லது வெறும் காகிதத் துவாலை, எதுவானாலும் மணலைவிட மேல். தொட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி வெதுவெதுப்பான மறைவிடம், மறுமுனையில் 24 முதல் 26 டிகிரி குளிர்ந்த மறைவிடம், நடுவில் ஈர மறைவிடம் என்று மூன்று வேண்டும். ஒன்றுதான் இருந்தால், ஒளிவதா, சூடு தேடுவதா என்று ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஆகிவிடும். தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பக் கல் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும்.

இரையின் நீளம் பல்லியின் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப்போல் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் பாதுகாப்பு. சுவர்க்கோழி, கரப்பான், மாவுப்புழு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் தூவாமல் மாதக்கணக்கில் கொடுத்தால், பல்லி தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். தாடை ரப்பர்போல வளையும், கால் வில்லாகும், விரல் நடுங்கும். வளைந்த எலும்பு திரும்ப நேராகாது. இரவுப் பிராணிக்குப் புற ஊதா ஒளி எதற்கு என்பார்கள். 2018-ல் வெளியான சோதனையில், குறைந்த அளவு புற ஊதா ஒளி பட்ட சிறுத்தைப் பல்லிகளின் இரத்தத்தில் வைட்டமின் டி தெளிவாக உயர்ந்தது. அந்திப் பொழுதிலும் இடுக்கின் வாயிலிலும் படும் சிறு ஒளியே அதற்குப் போதுமானது. ஆகவே மங்கிய புற ஊதா விளக்கு நல்லது. அது இல்லையென்றால் வைட்டமின் டி கலந்த தூளை அளவோடு கொடுக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை சொல்லிவிடும். நன்றாகத் தின்றும் வால் குச்சிபோல ஒட்டிக்கொண்டே வந்தால், கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு உறுதியான மருந்து இல்லை, வழக்கமான கிருமிநாசினிக்கும் அடங்காது. புதிய பல்லியை மூன்று மாதம் தனி இடத்தில், தனிப் பாத்திரங்களோடு வைத்து, மலத்தைப் பரிசோதிப்பதே வழி. சிறுத்தைப் பல்லி ஒரே மூலையில்தான் மலம் கழிக்கும், மாதிரி எடுப்பது எளிது.

நிறத்துக்காக இனவிருத்தி செய்பவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘லெமன் ஃப்ராஸ்ட்’ என்ற வெளிர்மஞ்சள் வகை விலையுயர்ந்ததாக இருந்தது. 2021-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் அந்த நிறத்தை ‘ஸ்பிண்ட் 1’ என்ற மரபணுவோடு இணைத்தார்கள். அதே மாற்றம்தான் வெண்ணிற நிறமி செல்களை அடங்காமல் பெருக்கி, அந்த வகைப் பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் கட்டியை உண்டாக்குகிறது. அந்த நிறத்தையும் நோயையும் தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை. அதை இனவிருத்தி செய்யவே கூடாது.

காட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் வெப்பமான நாளின் மாலையில், இருட்டிய முதல் ஓரிரு மணி நேரத்தில், கல் நிறைந்த சரிவின் ஓரமாக விளக்கைத் தாழப் பிடித்து மெல்ல நடந்தால் போதும், கல்லைப் புரட்டத் தேவையே இல்லை. புரட்டியே ஆகவேண்டிய நிலையில், உங்களிடமிருந்து அப்பால் உள்ள விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள், அடியில் பாம்போ தேளோ இருந்தால் அது எதிர்ப்பக்கம் போகும். பல்லி இருந்தால் முதலில் அது ஒதுங்கட்டும், பிறகு கல்லை அதே குழியில், அதே விளிம்பு மண்ணோடு பொருந்தும்படி இறக்குங்கள். சற்றே தள்ளி வைத்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். பல பருவங்களாக அந்தக் கல்லடியில் சேர்ந்திருந்த ஈரம் ஒரே பகலில் போய்விடும், அங்கே புதைந்திருக்கும் முட்டையும் அதோடு வற்றிவிடும்.